ரேடியோவின் வீட்டுக்காரர் யார்?

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பாள். ஆறாம் வகுப்பு வாத்தியார் ஒருவர், "யாராவது அந்த ரேடியோவை நிறுத்துங்களேன்" என்று சொல்லிவைத்த நாளிலிருந்து அவள் எல்லோருக்கும் ரேடியோதான். பேச்சு அப்படி. காலையில் கண் விழித்ததும் தொடங்கினால், தூக்கத்தில்தான் ஓயும். அதுவும் சந்தேகம் என்று அவளுடைய அக்கா சொல்லுவாள்.

அந்த வாய்தான் அவளுக்குச் சோறு போட்டது. முதலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். பிறகு நகர நூலகத்தில், கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் வேலை. பதிவு அறை முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்த இடம். சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டி, ஜன்னலை அடைத்து, ஃபேனைக் கழற்றி எடுத்திருந்தார்கள். வளையல் கூடாது, சரசரக்கும் புடவை கூடாது, பசியோடு வரக் கூடாது. வயிறு கடமுடா என்றால் ஆளுக்கு முன்னால் மைக்குக்குக் கேட்டுவிடும். எல்லாம் பதிவானதும் திருத்துக்காரரிடம் போகும். அவருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. ஒவ்வொரு பதிவையும் முழுக்கக் கேட்டுத் தப்பு கண்டுபிடிப்பது அவர் வேலை. அவர் காதைத் தாண்டி ஓர் எச்சில் விழுங்கும் சத்தம்கூட வெளியே போனதில்லை.

அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வானத்தைத் தொடும் கட்டடங்களின் உச்சியில், கயிறும் சக்கரமுமாகக் கிடக்கும் இயந்திர அறைகளில் காலம் கழித்த மனிதர். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சொந்தச் சமையலறையில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி, கால் இடறி விழுந்தார். பின்மண்டை மேடையின் விளிம்பில் பட்டது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் நர்ஸைக் கூப்பிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற ரேடியோவைக் காட்டி, "சிஸ்டர், இவங்க யாரு? ரொம்ப நேரமா அழுதுட்டே இருக்காங்க. குடிக்க ஏதாவது குடுங்களேன்" என்றார்.

கடைசிப் பத்து வருஷம் அவர் தலையிலிருந்து துடைத்துவிட்டாற்போல் போயிருந்தது. அதற்கு முந்தியதெல்லாம் பளிச்சென்று இருந்தது. அப்பா இறந்தது, தம்பியும் தானும் ஒரே கம்பெனியில் சேர்ந்தது, இருவரும் ஒரே அறையில் தங்கியிருந்தது எல்லாம் சொன்னார். கல்யாணம் அதற்குப் பிறகு. "திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அவர்களுடைய ஏழு வயது மகள் இந்தச் சிக்கலை ஒரே நிமிஷத்தில் முடித்தாள். கட்டிலில் ஏறி உட்கார்ந்து, "அப்பா, நான் உங்க பொண்ணு. ரெண்டாம் வகுப்பு. எனக்கு முட்டைகோஸ் பிடிக்காது. நீங்கதான் எனக்கு ஷூ லேஸ் கட்டிவிடணும். அம்மா கட்டினா அவுந்துடும்" என்றாள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, காலைக் காட்டு" என்றார்.

ரேடியோவுக்கு அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஒன்பது வருஷமாக அவளை "நீ" என்றவர், கோபம் வந்தால் "ஏய்" என்றவர், இப்போது "நீங்க" என்றார். "நீங்க சாப்பிட்டீங்களா?" "இந்தத் துண்டு உங்களோடதா, நான் எடுத்துக்கலாமா?" வீட்டுக்கு வந்த பிறகும் கூச்சப்பட்டுக்கொண்டு ஹாலில் பாய் விரித்துக்கொண்டார். மரியாதை இப்படிக் கன்னத்தில் அறையும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. தன்னைப் பற்றிப் பேசும்போதும் யாரோ சொல்லிக் கேட்ட மாதிரிதான் பேசினார். "எனக்குக் கல்யாணம் ஆச்சாம். நான் கோவக்காரனாம். காப்பியில சர்க்கரை போட்டுக்க மாட்டேனாம்." சொல்லிவிட்டு இரண்டு ஸ்பூன் போட்டுக்கொள்வார்.

உண்மையில் அந்தக் கடைசி வருஷங்களில் அவர் உம்மணாமூஞ்சிதான். கேட்டதற்கு ஓர் 'உம்', கொடுத்ததைச் சாப்பிடுவது, அவ்வளவுதான். இப்போதோ ஆளே வேறு. குக்கர் விசில் அடித்தால் பதில் விசில் அடித்தார். மகளோடு சேர்ந்து தலையணையை முதுகில் கட்டிக்கொண்டு ஆமை மாதிரி ஊர்ந்தார். ஒருநாள் அவர் அடித்த ஜோக்குக்கு ரேடியோ வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, உடனே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இந்த ஆளை அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது. புருஷனுக்குத் துரோகம் செய்கிறோமோ, அதுவும் அந்தப் புருஷனோடேயே!

இந்தச் சமயத்தில்தான் நூலகத்தில் அவளிடம் ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்தார்கள். 'நான்' என்றால் என்ன என்பதைப் பற்றி மேற்கத்தியத் தத்துவஞானிகள் காலங்காலமாக என்ன சொல்லி வந்தார்கள் என்று விளக்கும் புத்தகம். கல்லூரியில் தத்துவம் படிக்கும் பார்வையற்ற மாணவர்கள் கேட்டிருந்தார்களாம். அவள் எப்போதும் செய்கிறபடி, மூச்சு வாங்க வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னக் கோடு போட்டு, சாயங்காலங்களில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து வாய்விட்டு வாசித்துப் பழகினாள். எதிரே அவர் பட்டாணி உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

முதலில் வந்தவர் நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பிரெஞ்சுக்காரர். கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுப் பார்த்தார். பார்ப்பது கனவாக இருக்கலாம், தொடுவது பொய்யாக இருக்கலாம். ஆனால் சந்தேகப்பட ஒருவன் இருந்தே ஆக வேண்டுமே, அவனை மட்டும் சந்தேகப்பட வழியில்லையே, அவன்தான் 'நான்' என்று முடிவுக்கு வந்தார்.

"நல்ல மனுஷன்" என்றார் அவர், பட்டாணித் தோலைத் தட்டில் போட்டபடி. "எனக்கும் கண்ணு முழிச்சப்ப தேதி தெரியல, உங்களைத் தெரியல. முழிச்சுட்டுப் படுத்திருக்கறது நான்தான்னு மட்டும் தெரிஞ்சுது."

அடுத்தவர் ஆங்கிலேயர், மருத்துவம் படித்தவர். அவர் கணக்கு வேறு. உடம்பு அதேதானா, ஆத்மா அதேதானா என்பதெல்லாம் ஆளைத் தீர்மானிக்காது. ஒருவனுடைய நினைவு பின்னோக்கி எவ்வளவு தூரம் போகிறதோ, அவ்வளவு தூரம்தான் அவன் அதே ஆள். நினைவு எட்டாத செயலுக்கு அவனைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. ரேடியோ வாசித்துக்கொண்டே போனாள். இரண்டு பக்கம் தாண்டிய பிறகுதான் எதிரே பட்டாணி உரிக்கும் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தாள்.

"அப்ப உங்க வீட்டுக்காரர் வேற ஆளு, நான் வேற ஆளு. அப்படித்தானே?" என்று கேட்டார் அவர்.

ரேடியோவுக்கு வாயடைத்துப் போனது. அவள் வாழ்க்கையில் அது அபூர்வம். அவள் முகத்தைப் பார்த்து அவரே சமாளித்தார். "விடுங்க. ஒரு விதத்துல நல்லதுதான். அந்த ஆள் யார்கிட்ட என்ன வம்பு பண்ணி வச்சிருந்தாலும் எனக்குச் சம்பந்தம் இல்ல பாருங்க."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த ஆள் ஒரு வம்பு பண்ணித்தான் வைத்திருந்தார். அது அவளுக்குத் தெரியும்.

மகள் பிறந்த சமயம். ஒரு குடியிருப்பில் லிஃப்ட் பிரேக் பிடிக்காமல் இறங்கி, உள்ளே இருந்த தையல்காரப் பெண்மணி ஒருத்திக்குக் கால் முறிந்தது. அந்த மாதம் பிரேக்கைச் சோதித்திருக்க வேண்டியவர் அண்ணனான இவர். குழந்தை பிறந்த அலைச்சலில் அவர் பார்க்கவில்லை. விசாரணையில், அங்கே கடைசியாகப் போய் வந்தது தம்பிதான் என்பதால் பழி தம்பி மேல் விழுந்தது. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. தம்பிக்கு வேலை போயிற்று. அதற்குப் பிறகு அவன் இந்த வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. அன்று சாயங்காலமே மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மௌனமான மனிதர்தான், ஸ்டூலிலிருந்து விழுந்த நாள்வரை வாய் திறந்து சிரிக்கவேயில்லை.

இப்போது அவர் நினைவில் தம்பி இருந்தான், அந்த விசாரணை இல்லை. "என் தம்பி ஏன் ஆஸ்பத்திரிக்குக்கூட வரல?" என்று முதல் வாரமே கேட்டார். "வெளியூர்ல வேலைங்க" என்று சொல்லிவிட்டாள் ரேடியோ.

புத்தகம் நகர்ந்தது. ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் வந்தார். தனக்குள் எட்டிப் பார்த்தபோதெல்லாம் சூடு, குளிர், அன்பு, வெறுப்பு என்று ஏதாவது ஒன்றுதான் கடந்து போவதைக் கண்டதாகவும், அவற்றுக்குச் சொந்தக்காரன் என்று தனியாக யாரையும் காணவில்லை என்றும் அவர் சொன்னார். இந்த இடத்தைப் பதிவு செய்து அனுப்பினாள். மறுநாள் திருத்துக்காரர் கூப்பிட்டார்.

"'அன்பு, வெறுப்பு'ன்னு வர்ற எடத்துல உங்க குரல் தட்டுது. திரும்ப வாசிச்சுடுங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "அது கிடக்கட்டும், என்ன மனுஷன் அவர்? உள்ள போய்ப் பார்த்தாராம், யாருமே இல்லையாம். எங்க வீட்டுல கதவைத் தட்டினாலே நாலு பேர் எட்டிப் பாக்கறாங்க. உள்ள மட்டும் எப்படிங்க காலியா இருக்கும்?" என்றார்.

அதன்பின் வந்த ஜெர்மானியர், கடந்து போகிறவற்றையெல்லாம் 'எனக்கு நடப்பவை' என்று ஒன்றாகக் கோத்துப் பிடிக்கும் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்றார். கடைசி அத்தியாயத்தில், போன நூற்றாண்டைச் சேர்ந்த ஒருவர் வந்தார். ஒருவன் அதே ஆளாக இருப்பதில் இரண்டு வகை உண்டு என்றார் அவர். கல் மாதிரி மாறாமல் இருப்பது ஒன்று. எல்லாம் மாறிப்போன பிறகும், 'ஆமாம், நான்தான், என்னை நம்பலாம்' என்று இன்னொருவர் முன்னால் வந்து நிற்பது மற்றொன்று. அந்த அத்தியாயத்தை அவள் பேருந்தில் உட்கார்ந்து மனசுக்குள் படித்தாள். ஏனோ வீட்டில் வாசிக்கத் துணியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றார். தம்பியின் பழைய எண்ணுக்குப் போன் போட்டுப் போட்டுச் சலித்துவிட்டதாம். இருவரும் தங்கியிருந்த அறைக்கே போய் விசாரிக்கப் போகிறாராம்.

"உட்காருங்க" என்றாள் ரேடியோ. "உங்க தம்பி வெளியூர்ல இல்ல. இதே ஊர்லதான் மோட்டாருக்கு காயில் கட்டற கடை வச்சிருக்காரு."

எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் சிவந்தது. திடீரென்று மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"இத்தனை நாள் நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

'நீ.' அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது.

"நீங்க சிரிக்கறதைப் பார்க்க ஆசையா இருந்துச்சு. சொன்னா அந்தச் சிரிக்காத ஆள் திரும்பி வந்துடுவாரோன்னு பயம். போதுமா?"

அவர் சட்டென்று அடங்கி உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. எவனோ பண்ணின மாதிரிதான் இருக்கு."

"புத்தகத்துல அந்த டாக்டருக்குப் படிச்ச இங்கிலீஷ்காரர் சொன்னபடி பாத்தா உங்க மேல தப்பு இல்ல."

"அவர் சொல்லுவாரு. அவருக்குத் தம்பி இருந்தானோ இல்லையோ!" என்றார் அவர். "என் தம்பிக்கு இருக்கறது ஒரே அண்ணன். அந்த ஆள் நான் இல்லேன்னு நானும் கைகழுவிட்டா, அவன் யார் சட்டையைப் பிடிச்சுக் கேப்பான்?"

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

கடை ஒரு சந்தின் முனையில் இருந்தது. செம்புக் கம்பிச் சுருள்கள், பிரித்துப்போட்ட மோட்டார்கள், மூக்கை அறுக்கும் வார்னிஷ் வாசனை. தம்பி நிமிர்ந்து பார்த்து, "வாங்க அண்ணி" என்றான். அண்ணனைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் அண்ணனால் சும்மா இருக்க முடியவில்லை. அவர் நினைவில் இருந்தது ஒல்லியாக, சுருட்டை முடியோடு திரிந்த பையன்.

"என்னடா இது, இப்படி நரைச்சுப்போச்சு?"

"ஏழு வருஷம் ஆச்சு. நரைக்காம?" என்றான் தம்பி. கையிலிருந்த கம்பியை விடவில்லை. "நீ விழுந்ததைக் கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்தேன். உள்ள வரப் பிடிக்கல."

"என்னை மன்னிச்சுடுடா."

"எதுக்கு? ஞாபகம் இருக்கா உனக்கு?"

"இல்ல."

"அப்புறம் என்ன மன்னிப்பு? பேப்பர்ல செய்தி படிச்சுட்டு யாருக்கோ வருத்தம் தெரிவிக்கற மாதிரி. அந்த மன்னிப்பை வச்சு நான் என்ன பண்ணட்டும்?"

அவன் கேட்டது நியாயம்தான். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தம்பிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"நீ சொல்றது சரி. என்கிட்ட ஞாபகம் இல்ல. உன்கிட்ட இருக்கு. சொல்லு, கேக்கறேன். எனக்காக எதையும் குறைக்காதே."

தம்பி முதலில் மறுத்தான். பிறகு ஒரு வாக்கியம் சொன்னான். அப்புறம் அடைத்துவைத்த தண்ணீர் திறந்துகொண்டது. அந்த விசாரணை அறையில் மேனேஜர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் உன்னையே பாத்துட்டு இருந்தேன். இப்ப சொல்லுவே, இப்ப சொல்லுவேன்னு. அப்பா போனப்ப என் கையை விடாம பிடிச்சுட்டு நின்ன அதே ஆளு." வேலை தேடிப் போன இடமெல்லாம் 'அந்த லிஃப்ட் கேஸா' என்று கேட்டதை, வாடகைக்கு வீடு பார்த்த இடத்தில்கூட அந்தப் பேச்சு வந்ததைச் சொன்னான். குரல் உயர்ந்தது. கையிலிருந்த கம்பி வளைந்து கோணலாகிப்போனது.

ரேடியோ கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நினைவு வரவில்லை, அது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் வெட்கம் வந்தது. காது மடல்வரை ஏறியது.

தம்பி மூச்சு வாங்கி நிறுத்தியதும் அவர் சொன்னார்: "அது நான்தான்."

'நானாம்' என்று சொல்லவில்லை. அவள் மட்டுமல்ல, தம்பியும் தலையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு தம்பி வளைந்த கம்பியை ஓரமாகப் போட்டுவிட்டு, "டீ சொல்லட்டுமா அண்ணி?" என்றான். அண்ணனைக் கேட்கவில்லை. ஆனால் மூன்று டீ வந்தது.

மறுநாள் அவர் கம்பெனிக்குப் போய் மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னார். "ஞாபகமே இல்லாத விஷயத்துக்கு ஏன்யா நீயா வந்து மாட்டிக்கறே?" என்று மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். தம்பியின் மேல் இருந்த பழி நீங்கியது. அண்ணனுக்கு வேலை போயிற்று. கால் முறிந்த தையல்காரப் பெண்மணியையும் தேடிப் போய்ப் பார்த்தார். அவள் நன்றாக நடந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, அந்த லிஃப்டை இப்ப யார் பாக்கறாங்க? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றாளாம்.

சில வாரங்கள் வீட்டில் விசில் சத்தம் இல்லை. ரேடியோ பயந்தாள். ஆனால் இந்த மௌனம் பழைய மௌனம் இல்லை. கேட்டால் பதில் சொல்லும் மௌனம். ஒருநாள் தம்பி போன் செய்து, "ஆள் பத்தல, கடைக்கு வர்றியா?" என்றான். முதல் மாதம் இருவரும் மோட்டாரைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். பிறகு ஒருநாள், "முதலாளி, இன்னிக்குச் சீக்கிரம் போகட்டுமா?" என்று அண்ணன் கேட்க, "சம்பளத்துல பிடிச்சுக்குவேன், பரவாயில்லையா?" என்று தம்பி சொல்ல, இருவரும் சிரித்தார்கள் என்று கேள்வி. ஹாலில் விரித்த பாய் எப்போது சுருட்டப்பட்டது என்று கேட்டால் ரேடியோ பேச்சை மாற்றிவிடுவாள்.

புத்தகப் பதிவு முடிந்தது. கடைசி அத்தியாயத்தைத் திருத்துக்காரர் ஒரு தப்பும் சொல்லாமல் அனுப்பிவைத்தார். அந்தப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அவளுக்கு அப்படி நடந்ததே இல்லை.

துடைத்துப்போன பத்து வருஷம் இன்றுவரை திரும்பவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தம்பி சாப்பிட வந்திருந்தபோது, "அப்பாவை நீ முதல்ல எங்கம்மா பாத்தே?" என்று மகள் கேட்டாள். அவரும் தட்டோடு நகர்ந்து வந்து கேட்க உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரி லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு. உள்ள ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க. பயப்படாம இருக்கட்டும்னு நான் ஆபரேட்டர் ரூம்லேர்ந்து போன்ல பேசிட்டே இருந்தேன். அந்த லைன் மேல மெஷின் ரூம்லயும் கேக்கும். அங்க ரிப்பேர் பண்ணிட்டு இருந்தது உங்க அப்பா. எல்லாரும் வெளிய வந்தப்புறம் என் ரூமுக்கு வந்து, 'நீங்கதானா அது?'ன்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிட்டாரு."

"அவ்வளவுதான் உங்களுக்குத் தெரியும்" என்று இடையில் புகுந்தான் தம்பி. "அன்னிக்கு ரூமுக்கு வந்து என்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா அண்ணி? 'ஒரு பொண்ணு வாயே மூடாமப் பேசுதுடா. கேட்டுட்டே இருக்கலாம்னு கடைசி ஸ்க்ரூவை மட்டும் மெதுவா முடுக்கினேன்'னு."

இது ரேடியோவுக்கே புதுசு. வாயில் போட்ட கவளத்தை மெல்லாமல் கணவரைப் பார்த்தாள்.

"உள்ள ஆளுங்க மாட்டிட்டு இருக்கும்போதா?" என்று பதறினார் அவர். பிறகு கொஞ்சம் யோசித்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது.

"செஞ்சிருப்பேன்" என்றார். "அப்புறம்? மேல சொல்லு."